சுவரிலிருந்து ஒரு முழம்

ஸ்பீக்கர் தொழிலில் வாடிக்கையாளர் காதால் வாங்குவார், கடைக்காரன் வயிற்றெரிச்சலோடு விற்பான். கரீம் பாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் என் கடையில் நின்று என் ஸ்பீக்கரை விற்றுக்கொண்டிருந்தார்.

என் கடை ஆவடியில், அவருடையது பூந்தமல்லியில். இருவரும் விற்றது ஒரே சரக்கு. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் மேசைமேல் வைத்துக்கொள்ளும் ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர். பதிவில் இருப்பதை மெருகு போடாமல் உள்ளபடி சொல்லும் ஜோடி. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும், கரண்ட் கொடுத்தால் போதும். நீங்கள் வைத்திருப்பது ஜவுளிக்கடையோ சைக்கிள் கடையோ, பக்கத்து ஊரில் உங்களுக்கும் ஒரு கரீம் பாய் இருப்பார். அதனால் நான் படுவது உங்களுக்குப் புரியும்.

எனக்கு இருந்தது சின்ன ஆசைதான். யாராவது ஒருவர், அதிலும் என் மனைவி வசந்தா, “நீங்க எடுத்துக் குடுத்தது நல்லா கேக்குது” என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவனுக்கு அதுதான் பட்டம்.

ஒயர் வாங்க வந்தவர்

அன்று பாய் வந்தது கைமாற்றாக ஒரு ஒயர் வாங்கிப்போக. எங்கள் தொழிலில் அந்த வழக்கம் உண்டு. வயிற்றெரிச்சல் வேறு, ஒயர் வேறு. அம்பத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கல்யாண வீடியோக்களை வீட்டிலேயே எடிட் செய்கிறவர், காலையிலிருந்து மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாட்ஸ் சொன்னேன், கோன் அளவு சொன்னேன், கம்பெனியின் பரம்பரை சொன்னேன். “யோசிச்சு சொல்றேன் சார்” என்று அவர் பையை எடுத்துவிட்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பாய் வாசலில் நின்றபடியே, “மேச எந்தாண்ட போட்டுக்கீறம்மா?” என்று கேட்டார். பீரோ பக்கத்தில், சுவரை ஒட்டி என்றார் அந்தப் பெண். “அப்போ பொட்டி முதுகுல ஓட்ட கீறது உனக்கு வாணாம். அது மூச்சு உட எடம் வோணும், இல்லாங்காட்டி கும்முகும்முன்னு செவுத்துல மோதும். முன்னால ஓட்ட கீறத எடுத்துக்கினு போ” என்றார். அந்தப் பெண் அதையே எடுத்துக்கொண்டார். பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த மாதமே அவர் மவுத்தாகிவிட்டதாகச் செய்தி வந்தது. பில் போடும்போது அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சார், அவரு இங்க டெய்லி வருவாரா?”

பெரியதே நல்லது

பாய் இருந்த காலத்தில், குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஃபோர்மேன் ஒருவர், மகன் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று வந்தார். ராணுவ டாங்கி செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவர். எதுவும் கனமாக இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. எட்டு அங்குல கோன் வைத்த ஜோடியைத் தூக்கிப் பார்த்து, “இது மெஷின்” என்றார். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

மகனின் அறையில் ஒரு கட்டிலும் மேசையும் போட்டால் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். அடுத்த வாரம் அவன் ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். பூந்தமல்லியில் ஒரு பாய் சின்ன ஜோடி ஒன்றை, பிடித்தால் வாங்கு என்று வீட்டுக்கே கொடுத்தனுப்பியதாகவும், அது பிடித்துப்போனதாகவும் சொன்னான். என்னுடையதில் என்னப்பா குறை என்று கேட்டேன். “குறையே இல்ல அங்கிள். மேனேஜர் கேள்வி கேட்டா எதிர்வீட்டு ஆன்ட்டி பதில் சொல்றாங்க.”

ஆளுக்கொரு பிளக்

வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் போன் செய்து, ஜோடியில் ஒன்று ஊமை என்றார். ரயில் பிடித்துப் போனேன். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுத்திருந்தார். அவர் வாங்கியதில் இரண்டுக்கும் தனித்தனியாகக் கரண்ட் வேண்டும் என்று விளக்கினேன். மேசை இருந்த மூலையில் இருந்ததோ ஒரே பிளக் பாயிண்ட். கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து, அந்தப் பாயிண்டை ஸ்பீக்கருக்கு விட்டிருந்தார்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்து, நானே முட்டி போட்டு மேசைக்கு அடியில் போய் மாட்டினேன். இரண்டும் பேசின. ஒட்டடையோடு வெளியே வந்த எனக்கு அவர் மோர் கொடுத்தார், நல்ல மனிதர். கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எங்க மச்சான் பூந்தமல்லியில வாங்கினாரு. அந்த பாய் விக்கிறதுக்கு முன்னாடியே ஊட்ல எத்தினி பிளக் கீதுன்னு கேட்டுட்டாராமே?”

வீட்டிலேயே ஒரு வாடிக்கையாளர்

எரிச்சல் தொடங்கிய இடம் இதற்கெல்லாம் முன்பு, கோவில்பதாகையில், என் சொந்த வீட்டில். வசந்தாவுக்கு வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. ஹெட்ஃபோன் ஒத்துக்கொள்ளவில்லை, காது புண்ணாகியது. கடையிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் தலை வலிக்கிறது என்றாள். மாற்றினேன். அதற்கும் தலைவலி. இன்னும் உயர்ந்த ஜோடியாகக் கொண்டுவந்தேன். கடையில் இருந்த நல்ல சரக்கெல்லாம் எங்கள் மேசைக்கு வந்து திரும்பிப் போயிற்று.

ஒருநாள் பாய், அப்போது கைமாற்றாக வாங்கிப்போயிருந்த ஒரு ஒயரைத் திருப்பித்தர வீட்டுக்கே வந்தார். பால் இல்லை என்று நான் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் மேசை சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. பக்கத்து மனையில் வீடு கட்டப் போட்டிருந்த செங்கல்லில் இரண்டு எங்கள் மேசைமேல் ஏறியிருக்கிறது. அதன்மேல் என் ஸ்பீக்கர்கள், அவள் காது உயரத்துக்கு, அவளைப் பார்த்துத் திரும்பியபடி. பாய் கையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். சரக்கு என்னுடையது, மேசை என்னுடையது, பெண்டாட்டியும் என்னுடையவள். அவள் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்: “இப்பதான் டாக்டர் வாயைத் திறந்து பேசுறாரு, பாய்.”

அன்று டீயில் நான் சர்க்கரை போடவில்லை, பாயும் கேட்காமல் குடித்தார். அதற்குப் பிறகு வசந்தா ரொம்ப நாள் இருக்கவில்லை. நான் எதிர்பார்த்த வார்த்தையைச் சொல்லாமலேயே கண்ணை மூடிவிட்டாள்.

பாயின் மகள்

பாய்க்குப் பிறகு அவர் கடையை மூடிவிட்டார்கள், அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. சென்ற மாதம் அவர் மகள் நூர்ஜஹான் என் கடைக்கு வந்தாள். திருமழிசையில் புகுந்த வீடு. வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பதிவு செய்கிறாளாம், அதற்கு ஒரு ஜோடி வேண்டும். பாயின் மகளே என்னிடம் வாங்க வந்திருக்கிறாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வாட்ஸையும் கோனையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவள் அப்பாவைப் போலவே ஆரம்பித்தேன். மேசை எங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அத்தாவின் கேள்விதான், நான் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றேன். அத்தாவின் கேள்வி இல்லை என்றாள். எங்கள் வீட்டுக்கு ஒயர் தர வந்த நாள்வரை அவரும் என்னைப்போல, இருப்பதில் பெரியதை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறவர்தானாம். அன்று எங்கள் வீட்டில், எந்தப் பக்கம் வலிக்கிறது தங்கச்சி என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். சுவர்ப்பக்கம் என்று வசந்தா சொல்லியிருக்கிறாள். பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாளாம். அதை வைத்துத்தான் கடைசிவரை வியாபாரம் செய்ததாகப் பாய் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். நான் கேட்காமலேயே நூர்ஜஹான் முடித்தாள்: “மேசைய இழுங்கன்னு சொன்னதும் அவங்க, செங்கல்லு வைங்கன்னு சொன்னதும் அவங்க. அத்தா தூக்கி வச்சதோட சரி, அங்கிள்.”

ஒரு ஜோடியைக் கொடுத்து, வீட்டில் வைத்துக் கேட்டுப் பார், பிடித்தால் வாங்கிக்கொள் என்று அனுப்பினேன். இதையாவது பாயே யோசித்தாரா என்று கேட்க வாய் வரவில்லை.

இத்தனை காலம் என் தொழிலைக் கெடுத்தது என் வீட்டுக்காரியின் காதுதான் என்று தெரிந்த பிறகும், அதை எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொன்னாளே என்று எனக்குப் பாய்மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது. மேசை இன்னும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கிறது, ஸ்பீக்கர்கள் செங்கல் மேல்.