பெண் வீட்டுப் பாட்டு ஏன் குறைவாகக் கேட்டது

1. மிக்ஸர்மேல் ஒரு கை

"கைய எடு. எடுடா கைய!"

மாதையன் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே என் மிக்ஸர்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். ஓசூரில் ஒரு கல்யாண மண்டபம், சாயங்கால ரிசப்ஷன். மறுநாள் காலை முகூர்த்தம். அவர் பெண்ணுக்குத் தாய்மாமன், நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். மாப்பிள்ளை வீட்டார் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர்கள். நான் மைக் செட்.

இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுத்து, மாற்றி மாற்றிப் போடச் சொல்லியிருந்தார்கள். எல்லைப் பக்கக் கல்யாணங்களில் இது வழக்கம்தான். மாப்பிள்ளை வீட்டு டிரைவ் முழுக்கப் புது ரீமிக்ஸ், கூரையைப் பிய்க்கிற சத்தம். பெண் வீட்டு டிரைவில் இருந்தவை பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டுகள். கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டன.

"எங்க பாட்டு வந்தா கொறைக்கிற, அவங்க பாட்டு வந்தா மண்டபமே அதிருது. எந்த வீட்டு ஆளு நீ?"

"நான் ஏத்தித்தான் வெச்சிருக்கன் அண்ணா. ரெகார்டிங்கே கம்மி."

"அது எங்க அக்கா கேட்ட பாட்டு. அவ உயிரோட இருந்தா இங்க முன்னாடி உக்காந்து கேட்டிருப்பா. இன்னொரு வாட்டி கொறைஞ்சுது, நான் கெளம்புறன். காலையில பொண்ணுக்கு நீயே மாலை எடுத்துக் குடு."

அவர் வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அவர் ஆட்கள் இரண்டு பேர் வேன் டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா இல்லாத பெண். தாய்மாமனும் போய்விட்டால் காலையில் மணவறையில் அவளுக்கு மாலை எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

அதே நேரம் அந்தப் பக்கம் நவீன். மாப்பிள்ளையின் தம்பி.

"யாக்கே குரு, ஏன் இப்படி? நம்ம பாட்டு வந்தாத்தான் உங்க கை கீழ போகுது. நானும் பாத்துட்டேதான் இருக்கேன்."

இரண்டு பேரும் பார்த்தது நிஜம். சத்தம் குறைந்த பாட்டு வந்தால், மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளு பட்டனான ஃபேடரை ஏற்றுவேன். அடுத்தது ரீமிக்ஸ், அப்படியே விட்டால் கிழவிகள் காதைப் பொத்துவார்கள், அதனால் இழுப்பேன். ஒருவர் காதால் கேட்டுக் கோபப்பட்டார், ஒருவன் என் கையைப் பார்த்துக் கோபப்பட்டான். என் கையே ஃபேடரைத் தொடக்கூடாது. பாட்டுகளின் லெவல் ஃபைலிலேயே ஒன்றாக வேண்டும். வேறு வழியில்லை.

2. எல்லாம் ஒரே பட்டனில்

முதல் பந்தி போட்டபோது நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு டிரைவையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். எல்லாவற்றையும் செலக்ட் செய்து நார்மலைஸ் கொடுத்தேன். ஒவ்வொரு பாட்டிலும் சத்தம் மிக உயரமான இடம் எது என்று சாஃப்ட்வேர் பார்க்கும். அந்த இடம் உச்சியைத் தொடும்வரை முழுப் பாட்டையும் ஏற்றும். முடிந்தபின் திரையில் எல்லாம் ஒரே உயரம்.

"ரெடி அண்ணா. இனி என் கை ஃபேடர்ல படாது. பக்கத்துல நின்னே பாருங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டு இடி மாதிரி போனது. அடுத்து பெண்ணின் அம்மா கேட்ட பாட்டு. அதே கிணறு. கையால் ஏற்றுவதையும் நிறுத்தியிருந்தேனா, முன்னைவிட மோசமாகக் கேட்டது.

மாதையன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார்.

3. டொக்

"அண்ணா, இன்னும் ஒரே பாட்டு. அதுவும் சரியில்லைன்னா போங்க."

அவர் வாசலுக்கு நடந்தார். நான் ஹெட்போனை மாட்டினேன். பாட்டின் தொடக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த பாட்டிலும் டொக். கேசட்டிலிருந்து ஏற்றியவர் டேப்பில் பட்டனை அழுத்திய சத்தமும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. சுத்தியல் அடி மாதிரி. சாஃப்ட்வேர் அதைத்தான் உயரமான இடம் என்று எடுத்துக்கொண்டது. பாட்டு ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது என்று நினைத்து ஏற்றாமல் விட்டுவிட்டது. திரையில் எல்லாம் சமம். காதில் இல்லை.

வரிசையாக டொக்கை வெட்டி எறிந்துவிட்டு ஏற்றினேன். குரல் மேலே வந்தது. கேசட்டின் இரைச்சலும் கூடவே வந்தது. அதற்குமேல் ஏற்றினால் இரைச்சல்தான் பாடும். இன்னும் ரீமிக்ஸ் எட்டாத உயரத்தில் நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பாட்டுகளை மொத்தமாகச் செலக்ட் செய்து இறக்கினேன்.

தோளுக்குப் பின்னால் நவீன்.

"நம்து கம்மி மாடிதியா? கொறைச்சிட்டியா?"

எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் பழக்கம்: "சேச்சே, அப்படியேதான் இருக்கு." எனக்கு அன்று அதற்குப் பொறுமை இல்லை.

"ஆமா, கொறைச்சேன். அவங்களத ஏத்த முடிஞ்ச வரைக்கும் ஏத்திட்டேன். இனி உங்களது எறங்கினாத்தான் ரெண்டும் ஒண்ணா நிக்கும். வேணாம்னு சொல்லு, இப்பவே பழையபடி வெக்கிறன். அந்த மாமா வேன் ஏறிடுவாரு. காலையில உங்க அண்ணிக்கு யாரு மாலை குடுப்பா, நீயா?"

அவன் மேடையைப் பார்த்தான். பெண் போட்டோவுக்கு நின்றுகொண்டே வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு குரு" என்றான். "ஆனா டான்ஸ் டைம்ல சத்தம் பத்தலைன்னா உங்க பாக்ஸ ஒடைப்பேன்."

"டான்ஸுக்கு ஆம்ப்ளிஃபையர்ல மொத்தமா ஏத்தறன். ரெண்டு வீட்டுக்கும் சேத்து."

பெண் வீட்டுப் பாட்டைப் போட்டேன். கையைக் கட்டிக்கொண்டேன். மாதையன் வாசலில் ஒரு செருப்பை மாட்டியிருந்தார். அடுத்த காலை மாட்டாமல் நின்றார். பாட்டு முடிந்தது, ரீமிக்ஸ் வந்தது, மறுபடி அவர் அக்காவின் பாட்டு வந்தது. மூன்றும் ஒரே மட்டத்தில் போயின. செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"இரைச்சல் வருதே."

"கேசட்டு அண்ணா. அது போவாது."

"போவ வேணாம். அவ டேப்புலயும் இப்படித்தான் வரும்."

முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். காலையில் மாலை எடுத்துக் கொடுத்தார். என்னைத் திட்டியதற்கு வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாண வீட்டில் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

4. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பென்டிரைவை முதல் நாளே வாங்கு. தரவில்லையென்றால் சண்டை போட்டு வாங்கு. திரையை நம்பாதே, ஒவ்வொரு பாட்டின் தலையையும் காதால் கேள். அப்புறம் லெவல் பண்ணு.

லெவல் பண்ணினால் ஒருவருக்கு இறங்கும். எப்போதும் இறங்கும். சத்தமாகவே கேட்டுப் பழகியவருக்குச் சமம் என்பது குறைத்த மாதிரிதான் தெரியும். அவரிடம் "ஒன்றும் ஆகவில்லை" என்று பல்லிளிக்காதே. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அவர் எதிரில் போய் நின்று, "உங்களுடையதை இறக்கப்போகிறேன்" என்று சொல். திட்டுவார். திட்டட்டும். மிக்ஸர்மேல் கை வைக்க மாட்டார்.