புகையிடம் டிக்கெட் கேட்டவர்

இது நடந்த கதை. அச்சு அசலாக நடந்தது. பொய்யென்றால் இந்த டிப்போ கேன்டீனில் எனக்கு ஆயுளுக்கும் ஆறிப்போன டீயே கிடைக்கட்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாய்க்கு இழுவை அதிகம். சாணை முழமாக்கிவிடும். முழமாகத் தெரியும் இடத்தில் நீங்களே சாணாக்கிக்கொள்ளுங்கள்.

கதை நம் செக்கரைப் பற்றியது. அவர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கியவனே பையைத் தடவிப் பார்ப்பான். பார்வை அப்படி. வேலை முடிந்து சட்டையைக் கழற்றுவார், சந்தேகத்தைக் கழற்ற மாட்டார். பால் பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே நேரம் காட்டினால், "கூட்டுச் சேந்துட்டானுங்க" என்பார். கல்யாணத்தன்று பெண்ணின் முகத்தையும் பையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாராம்.

அந்தப் பெண்தான் இன்றைக்கு அவர் வீட்டம்மா. சமையலறை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அகலம். இருந்த ஒரே ஜன்னலையும் செக்கர் ஆணியடித்து மூடிவிட்டார். திருடன் கையை விடுவானாம். திருடன் வரவில்லை, புகைதான் குடியேறியது. வீட்டம்மாவுக்கு இருமல் பிடித்தது. சாதாரண இருமலா? இங்கே இருமினால் தெருக்கோடி நாய் எழுந்து பதில் சொல்லும். மிளகாய் வறுக்கிற அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

"புகை பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டம்மா நேரே வந்து செக்கர் முன்னால் நின்றார்.

"ஜன்னலைத் திறங்க. இல்லேன்னா அடுப்புக்கு மேல சிம்னி மாட்டுங்க. ரெண்டும் முடியாதுன்னா நாளையிலேருந்து கரண்டி உங்க கையில."

செக்கர் ஒரே ஒரு முறை சமைத்திருக்கிறார். அதைத் தின்றவர்களில் அவரும் ஒருவர். அதனால் உடனே சிம்னிக்குச் சம்மதித்தார்.

மாட்ட வந்தது வீட்டம்மாவின் தம்பி. குழாய் வேலை, கரண்டு வேலை எல்லாம் செய்வான். ஊரில் அவனுக்குப் பெயர் 'ஆச்சு'. எதைக் கேட்டாலும் "ஆச்சுக்கா, ஆச்சு" என்பான். பாதி வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

"மாமா, அரை மணி நேர வேலை. நீங்க போய்ப் பேப்பர் படிங்க."

அரை மணி என்றதுமே செக்கருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்து வாசற்படியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கேஸை மூடச் சொன்னார். ஆச்சு மூடினான். அவர் போய் இன்னொரு முறை மூடினார். அடுப்பின் மேல் அட்டையைப் போட்டு, அதன் மேல் பழைய போர்வையை விரிக்கச் சொன்னார். எவ்வளவு உயரத்தில் மாட்டுவாய் என்று கேட்டார்.

"பெட்டியில போட்டிருக்கு மாமா. அடுப்புத் தலைக்கு மேல ரெண்டரை அடி. கீழ இறங்கினா சூடு ஏறி எண்ணெய்ப் பிசுக்கு பத்திக்கும். மேல போனா புகை பக்கவாட்டுல நழுவிடும்."

செக்கர் டேப் வைத்து அளந்தார். அந்த டேப் ஆச்சுவுடையது என்பது நினைவுக்கு வந்தது. தம் டேப்பைக் கொண்டுவந்து மறுபடி அளந்தார். இரண்டும் ஒத்துப்போயின. முகத்தில் ஏமாற்றம்.

ஆச்சு ரசமட்டம் வைத்துப் பென்சிலால் குறித்தான். டிரில்லைத் தூக்கினான்.

"நில்லு. இந்த சுவிட்சுக்குக் கரண்டு எந்த வழியா வருது?"

"எல்லா வீட்டுலயும் வர வழிதான்."

"இந்த வீட்டுல எந்த வழி? சுவருக்குள்ள டிக்கெட் இல்லாம எவன் உக்காந்திருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மாமா, சுவரைப் பாத்தாலே எனக்குத் தெரியும்."

"எனக்கும் ஆளைப் பாத்தாலே தெரியும். இருந்தாலும் டிக்கெட் கேப்பேன்."

ஆச்சு பல்லைக் கடித்துக்கொண்டு போய் மெயினை அணைத்தான். செக்கர் மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். டெஸ்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் விடவில்லை. குறி போட்ட இடத்தில் உளியால் பூச்சை மெதுவாகத் தட்டச் சொன்னார். சிறு துண்டு உதிர்ந்தது. உள்ளே கறுப்பாக ஒயர், சுவிட்சிலிருந்து நேரே மேலே ஏறி, பென்சில் குறிக்குள்ளேயே படுத்திருந்தது.

ஆச்சு டிரில்லைக் கீழே வைத்தான். அவன் வாயிலிருந்து 'ஆச்சு' வரவில்லை.

"மெயின் மட்டும் போட்டிருந்தா..." என்றார் அக்கா.

"நான் வறுவல் ஆயிருப்பேன்" என்றான் தம்பி.

செக்கருக்கு அன்றைக்குப் பெருமையில் தலை கூரையில் இடித்தது. அவரும் ஆச்சுவும் சேர்ந்து, குறியைத் தள்ளிப் போட்டு, டிரில்லுக்குப் பக்கத்து வீட்டு லைனிலிருந்து கரண்டு இழுத்து, ஓட்டை போட்டு, இருவரும் இருபுறம் பிடித்து சிம்னியைத் தூக்கி மாட்டினார்கள். புகைக் குழாயை நேராக, ஒரே வளைவோடு, பின்சந்துச் சுவர் வழியாக வெளியே விட்டார்கள். புகை வீட்டுக்கே திரும்பி வராமல் வெளியேதான் போக வேண்டும் என்பதில் மாமாவும் மச்சானும் முதல்முறையாக ஒரே கட்சி.

குழாயின் வெளிவாய்க்கு ஒரு மூடி வேண்டும். காற்று போனால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். ஆச்சு கடைக்குப் போனான். கடை பூட்டியிருந்தது.

"மூடி நாளைக்கு. இப்ப ஓட்டிப் பாத்துடலாம். ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அவன் டீ குடிக்கிற நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. செக்கர் பின்சந்தில் நின்று அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். வட்டமாக, கறுப்பாக, வாயைப் பிளந்து நின்றது. ஜன்னலுக்கு ஆணியடித்த மனுஷன் இதைச் சும்மா விடுவாரா? பூனை வரலாம். பாம்பு வரலாம். எதிர்வீட்டுக்காரன் காதை வைத்து என்ன குழம்பு என்று கேட்கலாம். ஸ்டூலில் ஏறினார். தம் பழைய காக்கிச் சட்டையைச் சுருட்டி உள்ளே திணித்தார். புகை எப்படிப் போகும் என்று அவரே கேட்டுக்கொண்டார், அவரே பதிலும் சொன்னார்: 'இத்தனை வருஷம் காத்து உள்ளே வந்த சட்டைதானே? இப்ப வெளியே போகாதா?'

எல்லார் டிக்கெட்டையும் இரண்டு முறை பார்க்கிறவர், தம் பதிலை மட்டும் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஆச்சு வந்தான். மெயின் போட்டார்கள். சிம்னி பஸ் கிளம்புகிற மாதிரி உறுமியது. வீட்டம்மா ஆசையோடு வாணலியில் மிளகாயைப் போட்டார். செக்கர் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து சிம்னியின் வலையில் வைத்தார். நல்ல சிம்னி என்றால் தாளைப் பிடித்து இழுக்கும். டிக்கெட் ஒட்டவில்லை. ஆடி ஆடி இறங்கி மிளகாயோடு சேர்ந்து வறுபட்டது.

புகை மேலே போனது, யோசித்தது, திரும்பி வந்தது. வீட்டம்மா இருமினார். தெருக்கோடி நாய் பதில் சொன்னது.

"பாத்தியா? உன் வேலை லட்சணம்!" என்றார் செக்கர்.

"மாமா, ஒத்தை வளைவு. மோட்டார் புதுசு. என் வேலையில தப்பே இல்லே."

"அப்ப புகை ஏன் திரும்புது? ஊரைச் சுத்திப் பாக்க வந்துச்சா?"

"உங்களைத் தாண்டி வெளிய போகப் புகைக்குக்கூடப் பயம், அதான்!"

வீட்டம்மா அடுப்பை அணைத்தார். கண்ணில் தண்ணீர். புகையால் வந்ததா வேறெதாலோ வந்ததா, யாருக்கும் தெரியாது.

"போதும்டா தம்பி. கழட்டி எடுத்துட்டுப் போ. எனக்கு இருமல்தான் எழுதியிருக்குன்னா இருமிக்கிறேன். உங்க ரெண்டு பேர் சண்டையும் சேத்து என்னால விழுங்க முடியாது."

ஆச்சு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். அந்தத் தேடலில்தான் செக்கருக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. பஸ்ஸில் தலைக்கணக்கு உதைத்தால் அவர் என்ன செய்வார்? ஏறின இடம், நடுவழி, இறங்கும் இடம் மூன்றையும் பார்ப்பார். இங்கே ஏறுமிடத்தைப் பார்த்தாகிவிட்டது. நடுவழி ஒத்தை வளைவு. இறங்கும் இடம்...

பூனை நடையில் பின்சந்துக்குப் போனார். குழாயிலிருந்து காக்கிக் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, 'ஐயா, நான் இங்கே' என்கிற மாதிரி. ஸ்டூலில் ஏறி இழுத்தார். சட்டை வந்தது. பின்னாலேயே, அதுவரை உள்ளே காத்திருந்த மிளகாய்ப் புகை மொத்தமும் அவர் முகத்தில் இறங்கியது. செக்கர் இருமினார். இந்த முறை மூன்று தெரு நாய்கள்.

சத்தம் கேட்டு அக்காவும் தம்பியும் ஓடி வந்தார்கள். ஸ்டூலின் மேல் செக்கர். கையில் கரி பிடித்த சட்டை.

"என்னங்க அது?"

"காயப் போட்டிருந்தேன்."

"குழாய்க்குள்ளேயா?"

செக்கர் சட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு, தாழ்ந்த குரலில், "திருடன் வருவான்னு..." என்றார்.

"மாமா, அந்த ஓட்டையில வர திருடன் உங்க கட்டைவிரல் அளவுதான் இருப்பான்" என்றான் ஆச்சு. ஆனால் சிரிக்கவில்லை. அவன் நினைப்பு சமையலறைச் சுவரிலிருந்த ஒயர்மேல் போய்விட்டு வந்தது.

உள்ளே போய் இன்னொரு டிக்கெட் வைத்தார்கள். 'சப்'பென்று ஒட்டியது. மிளகாய் வறுபட்டது. வீட்டம்மா மூக்கை உறிஞ்சினார், காத்திருந்தார். இருமல் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"டிக்கெட் இல்லாத ஆளுக்கு அபராதம் போடுவீங்கல்ல? இது என் பஸ்ஸு. உங்களுக்கு அபராதம், இந்த வலையை மாசா மாசம் சோப்பு போட்டு நீங்கதான் கழுவணும்."

இன்றைக்கும் கழுவுகிறார். கழுவி முடித்து, சுத்தமாகக் கழுவினோமா என்று அவரையே சந்தேகப்படுகிறாராம். அத்தோடு கதை...

"நிறுத்துய்யா!" என்றார் இதுவரை கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. "அந்தாளு சந்தேகம் இல்லேன்னா மச்சான் கரிக்கட்டை. அவருக்குப் போய் அபராதமா?"

"அவரு சந்தேகம் இல்லேன்னா அந்தம்மாவுக்கு இருமலே வந்திருக்காது" என்றார் கண்டக்டர். "ஜன்னலுக்கு ஆணி அடிச்சது யாரு? உன் அப்பனா?"

"அப்பனை இழுக்காதே!"

"நீ ஏன்யா அவருக்கு வக்காலத்து வாங்கறே? உன் வண்டியில அவரு ஏறினதே இல்லே, அதான் பாசம் பொங்குது!"

"நீ அவர்கிட்ட மாட்டின ஆளு, அதான் எரியுது!"

கிளாஸ் ஒன்று உருண்டது. மெக்கானிக் நடுவில் புகுந்து, இருவருக்கும் பொதுவாக ஒரு கேள்வி கேட்டார்: "அது இருக்கட்டும், வாணலியில வறுபட்டுச்சே ஒரு டிக்கெட், அது எந்த ரூட்டு?"

இருவரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.