முனிராஜ் அண்ணனின் ரத்தத்தில் குறைந்த உப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் முன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முனிராஜ் அண்ணனின் மனைவி ரத்னம்மா அக்காவின் தம்பி கைபேசியில் அழைத்தார். "மாமா போயிட்டாரு சார். காத்தால கோஸ் தோட்டத்துக்குப் போனவரு வரப்புலயே சாஞ்சிட்டாரு. மாரடைப்புன்னு சொல்றாங்க."

தளி முனிராஜ் அவர்கள் எங்கள் தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவின் பொறுப்பாளராக இருந்தவர். பற்சக்கரங்களை உலையில் காய்ச்சி இறுகவைக்கும் இடம் அது. நான் தரச் சோதனைப் பிரிவு. ஒரே பேருந்தில் பல வருடங்கள் வந்துபோனோம். வீட்டில் கன்னடம், மாமியார் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் கம்பெனியின் வருடாந்திரப் பரிசோதனையில் அவருக்குக் கொழுப்பு மிக அதிகம் என்று வந்தது. ரத்த அழுத்தமும் இருந்தது. மருத்துவர் கொழுப்புக்கு ஒரு மாத்திரையும், அழுத்தத்துக்குச் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை ஒன்றும் எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். அண்ணன் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டார்.

"எங்கப்பா அம்பது வயசு பாக்காமயே நெஞ்சப் புடிச்சினு போனாரு அருளு. நான் அப்படிப் போவ மாட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று யாரோ சொல்ல, கேன் கேனாகக் குடித்தார். கோடைக்காலம், உலையின் முன் வியர்வை வேறு. விரைவிலேயே கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. கொழுப்பு மாத்திரைதான் காரணம் என்று அவரே முடிவுகட்டி அதையும் நிறுத்தினார்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாண்ணா?" என்றேன்.

"கேட்டா அதையேதான் மறுபடி எழுதுவாரு."

ஒருநாள் காலையிலிருந்து எல்லோரிடமும் தெலுங்கில் பேசினார். ஓசூரில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. தெலுங்கு தெரியாத என்னிடமும் அப்படியே பேசியபோது விளையாட்டென்றுதான் நினைத்தேன். பிறகு உலையின் முன் நின்றபடி, பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்போல் தமிழில், "பேரிகை பஸ்ஸு போயிடுச்சாப்பா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே, அப்போதுதான் உலையிலிருந்து வெளியே வந்த பற்சக்கரத் தட்டை நோக்கி உறையில்லாத கையை நீட்டினார். சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். என்னை யாரென்று தெரியாதவர்போல் பார்த்தார்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். சோடியம் அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது, பொட்டாசியமும் குறைவு. "கொழுப்பு மாத்திரை மேல பழி போட்டுட்டீங்க" என்றார் அந்த மருத்துவர். "சிறுநீர் மாத்திரை உடம்புல இருக்கிற உப்ப வெளிய தள்ளுது. வேர்வைலயும் போவுது. நீங்க உள்ள எதையும் அனுப்பல. தண்ணிய மட்டும் ஊத்தியிருக்கீங்க. அதான் காலும் இழுத்துச்சு, நெனப்பும் தப்பிடுச்சு."

சோடியத்தை அவசரப்படாமல் மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும் என்றார்கள். ரத்னம்மா அக்கா கட்டிலருகிலேயே இருந்தார். அண்ணனுக்குத் தெளிவு திரும்பியபின் ஒரு செவிலியர் அக்காவுக்கும் சோர்வாக இருப்பதைப் பார்த்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

"அவருக்கு ஆக்குற களியும் கீரையுந்தான். உப்பு போடறதில்ல. அவரு திங்காதத நான் மட்டும் எப்படித் திங்கறது?"

அண்ணனுக்கு அது அன்றுவரை தெரியாது. தனக்கென்று அக்கா தனியாகச் சமைத்துக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தார். அக்காவின் கையைப் பற்றிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். சொற்கள் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்பது புரிந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

மருத்துவர் அழுத்த மாத்திரையை மாற்றினார்; கொழுப்பு மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். அதன்பின் கால் இழுப்பு வரவில்லை. வேலைக்குத் திரும்பிய அண்ணன் நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போய், உலையில் வேலை செய்பவர்களுக்குப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்றார். ஒப்பந்தத்தில் அது இல்லை என்றார்கள். அடுத்த வருடமும் கேட்டார், அதே பதில். சலித்துப்போய், மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கேன்டீனில் மறித்து விசாரிக்கத் தொடங்கினார். "என்னா மாத்திர? காட்டு. ரத்தத்துல உப்பு எவ்ளோ இருக்குன்னு உங்க டாக்டரக் கேட்டியா?" சிலர் அவரைக் கண்டாலே தட்டோடு வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். இரும்பைக் காய்ச்சி அடித்து வடிவமாக்கும் ஃபோர்ஜிங் பிரிவுக் கண்ணன் மட்டும் தன் மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது.

"கொழுப்ப மட்டுமே பாத்துனு இருந்தேன் அருளு, மிச்ச ஒடம்ப மறந்துட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வேறு விளக்கம் எதுவும் சொன்னதில்லை.

முடிவில் இதயம்தான் அவரை அழைத்துக்கொண்டது. ஆனால், அவருடைய தந்தை பார்க்காத ஐம்பதைத் தாண்டினார், மகளுக்குத் திருமணம் செய்துவைத்தார், பேத்தியைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

அவர்கள் நிலத்திலேயே அடக்கம். முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் சீருடையோடு நேராக வந்தார்கள். மழை பெய்த மண். ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் கனத்த பாதுகாப்புக் காலணிகளை வரப்போரமாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கினோம். கண்ணன் இரு கைகளாலும் மண்ணை அள்ளிப் போட்டார். அவருக்குப் பின்னால் நான் போட்டேன்.

போய் வாருங்கள், அண்ணா.