கடலில் போன ஒற்றைச் செருப்பு

பொம்மையனுக்கு ஆத்தூர் அணையில் வேலை. தினமும் காலை ஆறு மணிக்குச் சுவரில் உள்ள அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று நோட்டில் எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக எழுதிவருகிறார். கல்யாணமான புதிதில் மனைவி நாகஜோதியை முதன்முதலில் வைகை அணைக்கு அழைத்துப் போனார். இரண்டாவதாகப் போனது பழனிப் பக்கத்து அணை. மூன்றாவது முறை கொடைக்கானல் என்று கிளம்பி மஞ்சளாறு அணையோடு திரும்பினார்கள்.

அதனால் தரங்கம்பாடி போவதென்று முடிவானதும், சித்தையன்கோட்டை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நாகஜோதி நிபந்தனை போட்டார்.

"தண்ணி எம்புட்டு இருக்கு, ஏறுது, எறங்குதுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. வந்துச்சு, அடுத்த பஸ்ஸுல நான் ஊருக்குப் போயிருவேன். ஒரு நாளாச்சும் கடலச் சும்மா பாக்கணும் எனக்கு."

"கடல்ல ஸ்கேலே கெடையாதே ஜோதி."

"இதான். இந்தப் பேச்சுதான்."

தரங்கம்பாடியில் காலையில் கோட்டையைப் பார்த்தார்கள். பழைய தெருவில் இரண்டு முறை நடந்தார்கள். கடலோரக் கோயில் பக்கம் கொட்டியிருந்த பாறைகளில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பொம்மையன் வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"காக்கா."

அங்கே காக்கா எதுவும் இல்லை. நாகஜோதி அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மதியம் மீன் வறுவல் வந்தது. "நம்ம டேம் மீனுக்கு இந்த ருசி வராது," என்றார் நாகஜோதி. பொம்மையன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குக் கரையில் போய் உட்கார்ந்தார்கள். நாகஜோதி புதுச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டினார். பொம்மையன் ஒரு குச்சியை மணலில் ஊன்றினார். கால் மணி நேரத்தில் குச்சியைத் தாண்டி அலை வந்தது.

"ஜோதி, செருப்பத் தள்ளி வையி."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மான்னா அங்கனயே இருக்கட்டும்."

இன்னும் கால் மணி கழித்துப் பொம்மையன் செருப்பை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும். எங்க, வாயத் தொறந்து சொல்லுங்க பாப்போம்."

பொம்மையன் கையை இழுத்துக்கொண்டார். அடுத்த அலை நாகஜோதியின் இடுப்பு வரை நனைத்துவிட்டு, ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு போனது. பொம்மையன் முழங்கால் ஆழம் வரை போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்திருக்கீங்க!"

"சொன்னா அடுத்த பஸ்ஸுல போயிருவேன்னியே."

நாகஜோதி சேலையைப் பிழிந்தார். கடலை ஒருமுறை பார்த்தார். "சரி, இப்ப சொல்லித் தொலைங்க. ஏறுதா, எறங்குதா?"

"ஏறுது. வந்து உக்காந்ததுலருந்து பன்னெண்டு அடி உள்ள வந்துருக்கு."

"எங்க உக்காந்தா நனையாது?"

பொம்மையன் எழுந்து அளந்து காலடி வைத்துப் போய் ஓர் இடத்தைக் காட்டினார். நாகஜோதி அங்கே உட்கார்ந்தார். பஸ்ஸைப் பற்றி இருவரும் பேசவில்லை. மிஞ்சிய ஒற்றைச் செருப்பால் இனி உபயோகம் இல்லை. அலை தொடும் இடத்திற்கு நாலடி மேலே அதை மணலில் நட்டு வைக்கச் சொன்னார் நாகஜோதி.

நட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பொம்மையனுக்கு நடந்த களைப்பில் கண் சொருகியது. நாகஜோதி அவர் தோளைத் தட்டினார்.

"செருப்பு நனஞ்சிருச்சு. மணி நாலு இருவது. எழுதிக்கங்க."