சகலை மாட்டிய செம்புக் கூலர்

என் சகலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஒரு ஆளாவது மாற்றிச் சொல்ல மாட்டாரா என்று ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். மிக்சி ரிப்பேர் கடையில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தவனை எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் என்னைப் போலவே கம்ப்யூட்டர் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டதே நான்தான். சிபாரிசு செய்த இந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

வந்த மாதமே வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவன் செல்லப்பிள்ளை. கீபோர்டில் டீயைக் கொட்டினால் நான் திட்டிக்கொண்டே துடைப்பேன், அவன் சிரித்துக்கொண்டே துடைப்பான். துடைக்கிற வேலை ஒன்றுதானே? ஆனால் கூப்பிடுவது அவனைத்தான். யார் பிள்ளைக்கு எப்போது பரீட்சை என்பதுவரை அவனுக்கு மனப்பாடம். எனக்கு என் மகள் எந்த வகுப்பு என்பதே சந்தேகம். வீட்டுக்குப் போனால், "தங்கச்சி வீட்டுக்காரர் காய்கறிகூட அவரே நறுக்கித் தர்றாராம்" என்று மனைவி ஆரம்பிப்பாள். சாப்பாடு இறங்காது.

போன மாதம் அவன் பெரிய மெஷினில் கை வைத்தான். கட்டப்போகும் கட்டடத்தை நிஜம்போலப் படமாக்கித் தரும் மெஷின் அது. ஒரு படத்துக்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அதைச் செய்து ஆறரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். அதோடு விட்டானா? மதர்போர்டில் சிப்செட் என்று ஒரு சில்லு உண்டு, பிராசஸருக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே சேதி கடத்துவது. அதன்மேல் சூட்டை இழுக்க இருந்த அலுமினியத் துண்டைக் கழற்றிவிட்டு, சின்ன ஃபேன் வைத்த செம்புக் கூலர் ஒன்றை வெளியில் வாங்கி வந்து மாட்டினான்.

"சிப்செட் சூடானா மெஷின் படுத்துடும்ணே. இது இருந்தா கவலையில்ல."

"தண்டச் செலவு," என்றேன். தெரிந்து சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொன்னேன்.

முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பன்னிரண்டு மெஷினுக்கும் அதே கூலர் வாங்கிவிடலாம் என்றார். கூடவே, மெஷின் அறைக்குப் பொறுப்பாளராக எங்கள் இருவரில் ஒருவரை அடுத்த திங்கட்கிழமை அறிவிப்பதாகவும் சொன்னார். பதினொரு வருடமாக நான் எதிர்பார்த்துக் கிடந்த பதவி அது. முதலாளியின் கண் அவன் பக்கம் போவதைப் பார்த்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினின் பக்கத் தகட்டைத் திறந்து அந்த ஃபேனின் வயரைப் பிடுங்கிவிட்டேன். ஆமாம், நான்தான். சூடேறி மெஷின் படுக்கும், அவன் பேரும் கூடவே படுக்கும் என்று கணக்குப் போட்டேன்.

படுக்கவில்லை. புதன்கிழமையும் படம் முடிய ஆறரை மணி நேரம்தான். வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் செம்பைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடப்பாவி, அந்த ஃபேன் சும்மாதான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது! துள்ளிக் குதிக்காத குறை. ஓடிப்போய் முதலாளியிடம் சொல்ல எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது?

திங்கட்கிழமை முதலாளி இருவரையும் கூப்பிட்டார். "என்னப்பா, பன்னிரண்டுக்கும் ஆர்டர் போட்டுடலாமா?"

"வேண்டாம் சார்," என்றான் சகலை. "அண்ணன் முதல்லயே தண்டம்னாரு, நான்தான் கேக்கல. போன வாரம் ஃபேன் வயரைக் கழட்டிவிட்டு அண்ணன் டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு. ஒண்ணும் ஆகல. அப்புறம் நான் பழைய அலுமினியத்தையே மாட்டி ரெண்டு நாள் ஓட்டினேன். அதே ஆறரை மணிதான். இந்த மெஷின்ல சூடாகுறது பிராசஸர்தான். அதுக்கு நல்ல கூலர் இருந்தா போதும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லவேயில்லையே?"

"முழுசாத் தெரிஞ்சதும் சொல்லலாம்னு..." என்று இழுத்தேன். நாக்குக் கூசியது.

"இப்படிச் சோதிச்சுப் பாக்குற ஆளுதான் பொறுப்புல இருக்கணும்," என்று சொல்லி முதலாளி எனக்குக் கை கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நான்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கழட்டின வயரைச் சுருட்டி, எதுலயும் உரசாம டேப் போட்டு ஒட்டியிருந்துச்சுண்ணே. இங்க வேற யாரு அப்படிச் செய்வா?"

கெடுக்கப் போன இடத்திலும் ஒழுங்காக வேலை பார்த்துத் தொலைத்திருக்கிறேன்.

"அப்புறம் ஏன் காட்டிக் குடுக்கல?"

"விடுங்கண்ணே. அந்தப் பதவி உங்களுக்குக் கெடைக்கணும்னு அக்கா என்கிட்ட எத்தனை தடவை சொல்லி அழுதிருக்காங்க," என்றான்.

அக்கா என்றால் என் மனைவி. என்னிடம் ஒரு நாளும் அழுததில்லை.

நான் பொறுப்பாளராகி ஒரு மாதம் ஆகிறது. அவன் ஜெயித்திருந்தால் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது திட்டவும் வழியில்லை, வயிற்றெரிச்சலும் அடங்கவில்லை. நேற்று முதலாளி மெஷின் அறைக்கு வந்து, "இப்படி ஒரு சகலை கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்," என்றார்.

"ஆமா சார்," என்றேன்.