பந்தியில் பன்னிரண்டாவது இலை

எங்கள் மெரினை யாராவது "அமைதியான பொண்ணு" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மாதா திருநாள் விருந்தில், பிரியாணிக்கு ஊற்றும் தாளிச்சா வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று குடும்பத்தையே அதட்டியவள் அவள். அந்த அதட்டலை வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான், அவளுடைய அத்தை ரோசா. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மெரின் என் தம்பி நெல்சனின் மகள். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்துவிட்டு, எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் அடுக்கினாள். ஒரு நாள் வந்து, "பொட்டியில போட்டது போதும். இனிமே மாத்திரைய ஆளுங்க கையில நானே குடுக்கப் போறேன்" என்று சொல்லி நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாள்.

பற்று வரவு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு எலும்பு, நரம்பு, கிருமி, சத்துணவு, உளவியல் எல்லாம் ஒரே வருஷத்தில் தலையில் வந்து விழுந்தன. காலையில் வார்டில் டியூட்டி, மத்தியானம் வகுப்பு, சாயங்காலம் ரெக்கார்டு எழுதவும் படம் வரையவும் சரியாக இருக்கும். கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்திலேயே பயாலஜி படித்தவர்கள். இவள் இதயத்துக்கு எத்தனை அறை என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. வீட்டையே கல்லூரி ஆக்கிவிட்டாள். கட்டிலின் நாலு மூலையிலும் விரிப்பை மடித்துச் செருகி, அது சுருங்கக் கூடாது என்று நெல்சனைப் பாயில் படுக்க வைத்தாள். காபி குடிக்கப் போன என் கையைப் பிடித்து, தோளிலிருந்து விரல் நுனிவரை ஒவ்வோர் எலும்பாகப் பெயர் சொன்னாள். காபி ஆறிப்போனது. என் ஒரு கைக்குள் இத்தனை சாமான் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஒன்றுதான் அவளைப் படுத்தி எடுத்தது. மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகள். பெயர், வரிசை, வேலை மூன்றும் பிசகாமல் சொல்ல வேண்டுமாம். மாதிரிப் பரீட்சையில் வரிசையைக் குழப்பினாள், உடற்கூறியலில் ஃபெயில். இறுதிப் பரீட்சையிலும் போய்விட்டால் கூடப் படிப்பவர்கள் மேலே போய்விடுவார்கள், இவள் மட்டும் பின்தங்கி நிற்பாள் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"இதுல போச்சுன்னா நான் மேட்டுப்பாளையத்துக்கே போயிடறேன் அத்தே. இன்னொரு வாட்டி இத படிக்க எனக்கு தெம்பு இல்ல" என்றாள் மெரின்.

பரீட்சை ஆகஸ்ட் பதினேழு. பதினைந்து மாதா திருநாள். நெல்லித்தோப்பில் நெல்சன் வீட்டில்தான் அன்றைக்கு மொத்தக் குடும்பமும் சாப்பிடும். "அவ ரூம்ல ஒக்காந்து படிக்கட்டும்" என்று நான் சொல்ல, அவள் தானே பரிமாறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பரீட்சையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வாளி தூக்குகிற பெண்ணை என்ன செய்வது? எனக்குக் கோபமான கோபம்.

எங்கள் பந்தியில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு இலை. அந்த வரிசை மாறாது. பாசத்தால் இல்லை, சண்டையால். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பிரான்சுவா அண்ணன் வாசலோரம் முதல் இலை. அவர் பக்கத்தில் நெல்சன் உட்கார மாட்டான். ஐந்தாவது இலை கடைசித் தம்பி ஜெஸ்டினின் மனைவி ரூபி. நான் அந்தக் கோடியில் பன்னிரண்டாவது. அவர்கள் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது என்னைக் கூப்பிட மறந்துவிட்டாள் ரூபி. ஒன்பது வருஷமாக நான் மறக்கவில்லை.

ஆனால் அன்று பூசை முடிந்து வெளியே வரும்போது ரூபி தானாகவே பக்கத்தில் வந்தாள். "அண்ணி, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், என் மனசு இளகிவிட்டது. இலை போட்டதும், இன்றைக்கு அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று எழுந்தேன்.

"அத்தே! ஒக்காரு! நீ எடம் மாறுனா நான் ஃபெயிலு!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. தாளிச்சா வாளியைக் கீழே வைத்துவிட்டு மெரின் மூச்சு வாங்கினாள்.

"பன்னெண்டு எல, பன்னெண்டு நரம்பு. பொஸ்தகத்து வரிச எனக்கு நிக்கல. நம்ம பந்தி வரிச ஒம்பது வருஷமா பாத்தது, மறக்காது. ஆளுக்கு ஒரு நரம்பு வெச்சிருக்கேன். இன்னிக்கு கடைசியா ஒரு வாட்டி பாத்துக்கத்தான் பரிமாற வந்தேன். நீ பாட்டுக்கு எழுந்து போறியே!"

அதற்குப் பிறகு யார் சாப்பிட்டார்கள்? நான் எது, நான் எது என்று ஒரே கூச்சல். முதல் நரம்பு மோப்பம். கேட்டுக்குள் நுழையும்போதே பிரியாணியில் பட்டை குறைச்சல் என்று கண்டுபிடிக்கும் பிரான்சுவா அண்ணன். ஐந்தாவது மெல்லும் நரம்பு, எலும்பைக்கூட விடாத ரூபி. பத்தாவது வேகஸ், தலையில் கிளம்பி நெஞ்சு, வயிறு என்று ஊர் சுற்றுமாம். அது ஜெஸ்டின். அவன் அப்போதும் இலையை விட்டுவிட்டு சோடா வாங்கப் போயிருந்தான். "அப்ப நான்?" என்று நெல்சன் தோளைக் குலுக்கினான். "அதான்ப்பா, தோள குலுக்கற நரம்பு. பதினொண்ணு" என்றாள்.

"ஏண்டி, நான் எதுடி?"

மெரின் வாளிக்குள் பார்த்தாள். "நாக்கு, அத்தே."

பிரான்சுவா அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு ஒண்ணு, ரெண்டு என்று இலைகளை எண்ணிக்கொண்டிருந்தது. என் இடத்திலேயே உட்கார்ந்தேன்.

"நாக்கு எங்கயும் போவல. ஊத்துடி தாளிச்சாவ" என்றேன். பிறகு அத்தனை இலையையும் தாண்டி, "ரூபி, பதினேழாந்தேதி சாயங்காலம் ஒன் வீட்டுக்கு வந்து ஒன் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்" என்று கத்தினேன். அவளும் அங்கிருந்தே தலையாட்டினாள்.

பதினேழாம் தேதி மெரின் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அதே கேள்வி வந்துச்சு அத்தே! கண்ண மூடி பந்திய பாத்து ஒவ்வொண்ணா எழுதறேன், ஒம்பதுக்கு அப்புறம் ஒரு எல காலியா கெடக்கு. யாருன்னே தெரியல. அழுகையே வந்துடுச்சு. அப்புறந்தான் சிரிப்பு. காலியா கெடந்தா அது சித்தப்பாதான! வேகஸ்னு எழுதிட்டேன்."

அன்று சாயங்காலம் ரூபி வீட்டுக்குப் போனேன். வெகுநேரம் பேசினோம், போட்டோவைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மெரின் எல்லாப் பாடத்திலும் தேறினாள். மீன் கடையிலும் கோயில் வாசலிலும் நான் சொல்லாத ஆள் இல்லை. நாக்கின் வேலை அதுதானே?

அடுத்த மாதா திருநாளில் அவளுக்கு வார்டில் டியூட்டி. வர நேரமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பசி பொறுக்கிறவர்கள் யாரும் இல்லை. சின்னவர்களுக்காகச் சோறு காத்திருந்ததாகச் சரித்திரமும் இல்லை. அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் அவரவர் இடத்தில், ஜெஸ்டின்கூட எழுந்திருக்காமல், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். நானும் ரூபியும் இப்போது சேர்ந்துதான் கடைக்குப் போகிறோம், ஆனாலும் பந்தியில் அவள் ஐந்து, நான் பன்னிரண்டு.

யூனிஃபார்மோடு உள்ளே வந்த மெரின் வரிசையைப் பார்த்து அப்படியே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். "பிரெசான்!" என்றார் பிரான்சுவா அண்ணன், ராணுவத்தில் ஆஜர் சொல்வது போல. ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்க, என் முறை வந்தது.

நான் வாயைத் திறந்தேன். நாக்கை மட்டும் நீட்டிக் காட்டினேன்.