போட்டாச்சு, அணைச்சாச்சு

ஹோமியோபதி மாத்திரை வரும் சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்று. உள்ளே நான்கு பல்புகள். பல்பு என்றதும் நீங்கள் மனதில் நினைக்கும் எதுவும் இதற்குப் பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி அளவுதான். அடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பிடி, அதைச் சுற்றி மடங்கிக் கிடக்கும் மயிரிழைக் கம்பிகள் இரண்டு. ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும் என்று பஞ்சு வைத்து அடைத்து, என் பீரோவின் கீழ்த்தட்டில், நான் உடுத்துவதை நிறுத்திவிட்ட பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஆறு வருடம் அங்கேதான் இருந்தது. அந்த வீட்டில் இருந்தது நானும் அக்காவும் மட்டும்தான். யாரிடமிருந்து ஒளித்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒரு பெண்கள் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் முப்பது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் தவறிய பிறகு மேற்கு மாம்பலம் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெசன்ட் நகரில் என் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், பிறகு கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அக்கா வந்த முதல் வாரத்திலேயே என் சமையலறை டப்பாக்கள் அத்தனைக்கும் லேபிள் ஒட்டிவிட்டாள். வெள்ளைத் தாளில் நீல மையில் எழுத்து, மேலே செலோ டேப். "கடுகுக்கு எதுக்குக்கா லேபிள், பார்த்தாலே தெரியுதே" என்று கடுப்படித்தேன். "உனக்குத் தெரியும் பாப்பா. நாளைக்கு வேற யாராவது வந்து எடுத்தா?" என்றாள். வேறு யாரும் வந்து எடுத்ததில்லை.

லேபிள் விஷயத்தில் அவளுக்குச் சில சட்டங்கள் உண்டு. ரீஃபில், டார்ச் பேட்டரி, ஹேர்பின், எதுவானாலும் இரண்டு டப்பா. ஒன்றில் 'நல்லவை', இன்னொன்றில் 'பழுது'. சோதித்துப் பார்க்காமல் எதையும் 'நல்லவை'யில் போட மாட்டாள். ஒரு பாட்டில் தீர்ந்துவிட்டால் அன்றைக்கே அதை வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவாள். "காலி பாட்டில்ல லேபிள் இருந்தா அது பொய். லேப்ல அந்த மாதிரி ஒரு பொய்யாலதான் ஒரு பொண்ணுக்குக் கை வெந்துபோச்சு" என்பாள். அந்தப் பெண்ணின் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அறுபது வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தாள், அதனால் நூற்றோராவது தடவையும் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் கார் பழையது. தயாரித்த கம்பெனியே அந்த மாடலை மறந்து பல வருடம் ஆகிறது. ஓட்டுவது நான். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டாள். இடது பக்க சீட் அவளுடையது. டேஷ்போர்டின் நடுவில் வரிசையாக நான்கு பட்டன்கள்: ஏசி, பின்கண்ணாடியைச் சூடாக்குவது, பின்பக்க ஃபாக் லைட், முன்பக்க ஃபாக் லைட். அமுக்கினால் உள்ளே போய் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும் பட்டன்கள். போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பட்டனுக்குள் எரியும் குட்டி வெளிச்சம் மட்டும்தான் அதைச் சொல்லும். அந்த வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்துபோனது. முதலில் ஏசி, அடுத்த மழைக்காலத்தில் கண்ணாடி, பிறகு மற்ற இரண்டும்.

மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அக்கா அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்கு எது வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கை போய்விடும். "ஏசி போட்டாச்சு" என்பாள், காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து உறுதி செய்துகொண்டு. மழையில் அடையாறு பாலத்தில் ஏறும்போது, முன்னால் போகும் பஸ்ஸின் முதுகில் எங்கள் வெளிச்சம் விழுகிறதா என்று எட்டிப் பார்த்து "முன்னாடி போட்டாச்சு" என்பாள். வீட்டுக்கு வந்து பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும், கதவைத் திறக்கும் முன் வரிசையாக ஒப்பிப்பாள்: "முன்னாடி அணைச்சாச்சு. பின்னாடி அணைச்சாச்சு. கண்ணாடி அணைச்சாச்சு. ஏசி அணைச்சாச்சு. இறங்கலாம்." அந்த 'இறங்கலாம்' வராமல் நான் இறங்கியதில்லை. முன்பக்க ஃபாக் லைட் நாங்கள் பிறகு தனியாக வாங்கிப் பொருத்தியது. சாவியை எடுத்தாலும் அது அணையாது. அதனால் அக்கா சொல்வதில் விஷயமும் இருந்தது.

அக்கா ஒருமுறை அத்தான் வீட்டுக் கல்யாணத்துக்காக மதுரைக்குப் போய்ப் பத்து நாள் தங்கினாள். அந்தப் பத்து நாளில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மந்தைவெளியில் ஒரு சந்தில் வண்டி வயரிங் வேலை செய்யும் பாய் ஒருவர் உண்டு. எங்கள் காருக்கு அந்த ஃபாக் லைட்டைப் பொருத்தியதும் அவர்தான். "இந்த சைஸ் பல்புக்கு எங்க போறது மேடம்? எல்ஈடி போட்டுடறேன், பளிச்சுனு எரியும்" என்றார். பளிச்சென்றெல்லாம் வேண்டாம், பழைய மாதிரி மங்கலாக இருக்கட்டும் என்றேன். நான்கு நாள் கழித்து எங்கிருந்தோ தேடிப் பிடித்துவிட்டார். ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணி சுற்றி, ஒரு கீறல் விழாமல் ஒவ்வொரு பட்டனாக நெம்பி எடுத்து, பின்பக்கம் கால் திருகு திருகி, செத்த பல்பை எடுத்துவிட்டுப் புதிதைச் செருகினார். நான்கும் எரிந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா வந்து பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாம்பலம் ஸ்டேஷனுக்கு விடியற்காலையில் கூட்டிவரப் போனேன். இன்னும் இருட்டு விலகவில்லை, அதனால் பட்டன்களின் பச்சை வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது. அக்கா ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள். "மாத்திட்டியா. நல்லா இருக்கு பாப்பா" என்றாள். அப்புறம் கல்யாணத்தில் போட்ட சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் எதிர்பார்த்த அளவுக்கு அவள் அசரவில்லை என்று எனக்கு வருத்தம் வேறு. என் மரமண்டைக்கு அன்றைக்கு அவ்வளவுதான் எட்டியது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. வியாழக்கிழமை மயிலாப்பூருக்குக் காய் வாங்கப் போகும்போது "நீ போயிட்டு வா, எனக்கு முட்டி வலிக்குது" என்றாள். தி.நகருக்குக் கூப்பிட்டால் "கூட்டமா இருக்கும்" என்றாள். வந்த நாட்களில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வயதாகிறது, வேறென்ன என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மழை நாளில் இருவரும் அடையாறிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பின்கண்ணாடி மங்க ஆரம்பித்தது. அக்காவின் கை பையை விட்டு எழுந்தது. அதற்குள் நான் பட்டனை அமுக்கிவிட்டேன். பச்சை வெளிச்சம் வந்தது. பாதியில் நின்ற அந்தக் கை மெல்லத் திரும்பிப்போய் மடியில் உட்கார்ந்துகொண்டது. கடையில் ஒரு பொருளை எடுக்கப் போய், வேறு யாரோ எடுத்துவிட்டால் கையை இழுத்துக்கொள்வோமே, அப்படி. வீடு வந்தது. இறங்கும்போது அவள் ஒப்பிக்கவில்லை. ஒப்பிக்கவில்லை என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. அவள் நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாளே பாயிடம் போய் நின்றேன். பல்பை எல்லாம் கழற்றிவிடுங்கள் என்றேன். அவர் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தார். "இன்னா மேடம், எல்லாம் நல்லாத்தான கீது? எரியற பல்ப எவனாச்சும் கழட்டுவானா?" என்றார். காரணம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எங்க வூட்லயும் என் தங்கச்சி கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கழற்றிய நான்கையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். வீட்டில் காலியாக இருந்த ஹோமியோபதி பாட்டில் ஒன்றில் அவற்றைப் போட்டேன்.

அக்காவிடம் பொய் சொன்னேன். "எல்லாம் ஃப்யூஸ் போயிடுச்சுக்கா, டூப்ளிகேட் மால் போல" என்றேன். "நாலுமேவா?" என்றாள். நாலுமே என்றேன். "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். அந்த வியாழக்கிழமை முட்டிவலி இல்லை. வண்டியைக் கிளப்பியதும் "ஏசி போட்டாச்சு" என்ற குரல் வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததால் லஸ் சிக்னலில் பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் பின்னாலிருந்தவர்களிடம் திட்டு வாங்கினேன். அப்புறம் ஆறு வருடம். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்பாள்: "இன்னும் நல்ல பல்பு கிடைக்கலையா பாப்பா?" தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பேன். "தேடு, தேடு" என்பாள்.

போன ஆவணியில் அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், நாலாம் நாள் ஆஸ்பத்திரி, ஒன்பதாம் நாள் இல்லை. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு வீட்டில் லேபிள்கள் மட்டும் இருந்தன. கடுகு எங்கே இருக்கிறது என்று அவை எனக்குச் சொன்னன. ஐப்பசி மழையில் ஒருநாள் மயிலாப்பூர் போய்விட்டு வந்தேன். எந்தப் பட்டனை அமுக்கினேன், எதை அணைத்தேன் என்று ஞாபகம் இல்லை. பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுப் பழக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'இறங்கலாம்' வரவில்லை. இறங்கினேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்பக்க ஃபாக் லைட் விடிய விடிய எரிந்து பேட்டரியைக் காலி செய்திருந்தது. சுவர் பக்கமாக நிறுத்தியிருந்ததால் வாட்ச்மேனும் பார்க்கவில்லை. செத்த வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

இனி அந்தப் பல்புகளைப் போட்டுத்தான் ஆக வேண்டும். சொல்வதற்கு ஆள் இல்லாத வண்டிக்கு வெளிச்சம் வேண்டும். பீரோவின் கீழ்த்தட்டில் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தேன். பாட்டிலில் லேபிள் இருந்தது. நான் ஒட்டாத லேபிள். வெள்ளைத் தாள், நீல மை, மேலே செலோ டேப்.

'கார் சுவிட்ச் பல்பு – 4. நல்லவை.'

செலோ டேப் பழுப்பேறி ஓரம் விரிந்திருந்தது. நேற்று முந்தாநாள் ஒட்டியது இல்லை, வருடக் கணக்காகியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னை இத்தனை வருடம் நடிக்க விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். இன்னும் நல்ல பல்பு கிடைக்கவில்லையா என்று வேறு கேட்டிருக்கிறாள், கள்ளி. புடவைக்கு அந்துருண்டை வைக்க வந்தவள் பார்த்திருப்பாள். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நான்கிலும் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பாள். பார்க்காமல் அவள் 'நல்லவை' என்று எழுத மாட்டாள். எழுதி, ஒட்டி, நான் ஒளித்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அந்த வாரமும் வியாழக்கிழமை என்னோடு வந்து "ஏசி போட்டாச்சு" என்றிருக்கிறாள்.

பாய் பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தார். அக்கா இல்லை என்று முன்பே போனில் சொல்லியிருந்தேன். நான்கையும் போட்டார். "நாலுமே நல்லாக் கீது மேடம்" என்றார். அக்கா எழுதியிருந்ததும் அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். பார்க்கிங்கில் நிறுத்தி ஒவ்வொன்றாக அணைத்தேன், பச்சை வெளிச்சமும் ஒவ்வொன்றாகப் போனது. எல்லாம் கண்ணுக்கே தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் இறங்க முடியவில்லை. முன்னாடி அணைச்சாச்சு, பின்னாடி அணைச்சாச்சு என்று நானே சொல்லிப் பார்த்தேன். என் குரலில் அது நன்றாக இல்லை. பாதியில் விட்டுவிட்டேன்.

பாட்டில் இப்போது சாப்பாட்டு மேஜை மேல் இருக்கிறது. உள்ளே பஞ்சு மட்டும்தான். அக்கா இருந்திருந்தால் அன்றைக்கே வெந்நீரில் போட்டு லேபிளை உரித்திருப்பாள். நான் உரிக்கவில்லை. உள்ளே நான்கு நல்ல பல்புகள் இருப்பதாக அது தினமும் என்னிடம் பொய் சொல்கிறது. சொல்லட்டும். இந்த வீட்டில் என்னிடம் ஏதாவது சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்.